ஃபிட்டரம்மாவின் பூஜ்யம்

அத்தியாயம் பதினான்கு

ஒரே வீட்டிற்குள் இரண்டு கட்சிகள் குடியிருக்கலாம். ஆனால் அவ்விரண்டிற்கும் குளியலறை ஒன்றுதான் என்றால், காலை வேளை அமைதியாகக் கழிவது அரிது. இக்குடும்பத்தை வாரந்தோறும் பின்தொடர்ந்து வருவோர் இதனை நன்கு அறிவர்.

புதிதாக வருவோர் பொருட்டு நிலவரத்தைச் சுருங்கக் கூறுவோம். தாய், அணுமின் நிலையத்தில் ஃபிட்டர். வால்வுகளைக் கழற்றிப் பூட்டுவதில் அவளுக்கு நிகர் அவளே. மகள், காற்றாலைகளின் உச்சிக்கு ஏறிப் பழுது பார்ப்பவள். ஊருக்கு வெளியே கிடக்கும் தரிசு நிலத்தில் இரண்டாவது அணு உலையை எழுப்புவதா, காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் நிறுவுவதா என்று மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் அன்று மாலை நடைபெறவிருந்தது. தாய் உலைக்காகப் பேசுவாள். மகள் காற்றுக்காகப் பேசுவாள். தந்தையோ சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில், எந்தப் பக்கமும் சேராமல் பத்திரமாக இருந்தார்.

"உள்ள தூங்கிட்டியாம்மா? எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று குளியலறைக் கதவைத் தட்டினாள் மகள். அவளுக்குக் ‘காத்தாடி’ என்று பட்டம் சூட்டியவள் தாய்தான். கேலிக்கு வைத்த பெயர், வேலையிடம் வரை பரவி நிலைத்துவிட்டது.

"உனக்கென்னடி அவசரம்? வெளியே ஒரு இலை ஆடல."

"காத்து நின்னாத்தான் நாங்க மேல ஏறவே முடியும். இத்தனை வருஷமா என்னைத் திட்டறே, அதுகூடத் தெரியல உனக்கு."

"அதானே! நீங்க ஏறினா அது சுத்தாது, அது சுத்தினா நீங்க ஏற மாட்டீங்க. நல்ல பொழப்பு!"

காத்தாடி பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தாயின் தம்பி, ஒரு கேக் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார். அவரும் அதே நிலையத்தில், அதே குழுவில் வேலை செய்பவர். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருபவர் என்பது உறவினரிடையே அவருக்கு வாய்த்திருந்த பெயர்.

"அக்கா! ரிசல்ட் வந்துடுச்சு! ஜீரோ! ஷட்டவுன் மொத்தத்துக்கும் சேத்து உனக்கு ஜீரோ! பாதுகாப்பு அதிகாரி எனக்கே போன் பண்ணிச் சொன்னார். சாயங்காலம் மைக்குல அறிவிக்கப் போறாராம்."

அந்நிலையத்தில் உலைக்கு அருகே செல்லும் ஒவ்வொருவரும் தீப்பெட்டி அளவிலான ஒரு பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொள்வர். உடலின் மீது எவ்வளவு கதிர்வீச்சு விழுந்தது என்பதை அது தன்னுள் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதம் முடிந்ததும் அதனைச் சோதித்து அளவைச் சொல்வர். ஆண்டுக்கொரு முறை உலையை நிறுத்திவிட்டுக் குழாய்களையும் வால்வுகளையும் பிரித்துப் போடும் ஷட்டவுன் காலத்தில், எவருடைய அளவும் சற்றேனும் ஏறாமல் இராது. வரம்பைத் தாண்டாது, ஆயினும் ஏறும்.

"உங்களுக்கு எவ்வளவு மாமா?" என்று கேக்கை வெட்டியவாறே கேட்டாள் காத்தாடி.

"எனக்கும் கிட்டத்தட்ட அதேதான். நம்ம வம்சம் அப்படி. கதிர்வீச்சு நம்மளைப் பாத்தாலே ‘அய்யோ, இந்த வீட்டு ஆளுங்களா’ன்னு வேற சந்துல திரும்பிப் போயிடும். எதிர்க்கட்சியா இருந்தாலும் உனக்கும் ஒரு துண்டு உண்டு, எடுத்துக்கோ."

அவள் சிரித்தாள். சிரித்த வாயுடனேயே திரும்பிய போது, குளியலறை வாசலில் ஈரத் துண்டுடன் நின்ற தாயைக் கண்டாள்.

தாய் சிரிக்கவில்லை.

சின்னச் சண்டையில் வென்றாலும் அதனை ஒரு வாரம் கொண்டாடுகிறவள், இத்துணைப் பெரிய வெற்றி வீடு தேடி வந்திருக்க, "நல்லது" என்று ஒற்றைச் சொல்லை உதிர்த்துவிட்டுச் சமையலறைக்குள் சென்றாள். காத்தாடி கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

ஷட்டவுன் தொடங்கிய நாளில் நல்ல மழை. தன் கோட்டு நனைந்திருந்ததால், மகளுடைய தடித்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தாய் வேலைக்குச் சென்றாள். மறுநாள் மகள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஷட்டவுன் முடிந்த பிறகு ஒரு நாள், கோட்டின் உட்புறத் துணியில் குத்தியிருந்த ஒரு பேட்ஜ் அவள் கையில் இடறிற்று. "இது உன்னோடதாம்மா?" என்று நீட்டினாள். "அதுவா, சும்மா கூடுதலா ஒண்ணு" என்று கூறி, தாய் அதை வெடுக்கென வாங்கிக்கொண்டாள். காத்தாடியும் மறந்துபோனாள்.

கூடுதலாக ஒன்று எவருக்கும் கொடுக்கப்படுவதில்லை என்பது இப்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது.

கோட்டை வெளியே கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆகவே அந்த பேட்ஜ் உலைக்குள் செல்லவே இல்லை. ஷட்டவுன் முழுவதும் அது மகளின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு காற்றாலைகளில் ஏறி இறங்கியிருக்கிறது. தாயின் பூஜ்யம் காற்றாலையின் உச்சியில் அளக்கப்பட்ட பூஜ்யம்.

அவ்வாறெனில், தாயின் உடம்பு வாங்கியது எவ்வளவு?

"அக்கா, நான் வண்டியைத் திருப்பி வெக்கறேன், சீக்கிரம் வா" என்று மாமா வெளியேறியதும், காத்தாடி சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அந்த பேட்ஜ் என் கோட்டுல இருந்துச்சு."

"மெதுவாப் பேசு."

"அது இல்லாம எத்தனை நாள் உள்ள போனே?"

தாய் அடுப்பை அணைத்தாள். அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். "ஷட்டவுன் முடியற வரைக்கும்" என்றாள்.

"கேட்டுல பாக்க மாட்டாங்களா?"

"பயிற்சி வகுப்புல காட்டறதுக்குன்னு வெத்து பேட்ஜ் இருக்கும். பாக்க அச்சு அசல் அதே மாதிரி. உள்ள ஒண்ணும் இருக்காது. நெஞ்சுல ஏதோ தொங்குதான்னு பாப்பாங்க. தொங்கறதுக்குள்ள என்ன இருக்குன்னு யார் திறந்து பாக்கறா?"

"கதிர்வீச்சு ஏறினாச் சத்தம் போடற மிஷின் ஒண்ணு இருக்குமே?"

"குழுவுக்கு ஒண்ணு. அது குழுத் தலைவர் பாக்கெட்டுல இருந்துச்சு. அவர் கதவுக்கிட்ட நின்னார்." சற்று நிறுத்தினாள். "நான் வால்வுக்கிட்ட இருந்தேன்."

கதவருகே இருந்த மிஷினுக்கு வால்வருகே இருந்த அளவு தெரிந்திராது என்பது காத்தாடிக்குப் புரிந்தது.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அன்னிக்கே வெளியே உட்கார வெப்பாங்க. அந்த வால்வைக் கழட்ட வேற யார் இருக்கா? புதுசா வந்த பசங்க கையில குடுத்தா, நான் ஒரு மணி நேரத்துல முடிக்கறதை அவங்க அரை நாள் உள்ள நின்னு பண்ணுவாங்க. அவங்க நிக்க வேணாம்னு நான் நின்னேன்."

"சரி, முடிஞ்சப்புறமாவது?"

"அப்புறம் சொன்னா உங்க ஆளுங்க சும்மா இருப்பீங்களா? அதைப் புடிச்சுக்கிட்டு உலையையே மூடுன்னு கத்துவீங்க. ராத்திரி காத்து நின்னா ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் எங்கேர்ந்து வரும்? உங்க பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? தப்பு என்னோடதுடி. உலையோடது இல்ல."

"தப்பு பண்ற மனுஷங்கதானேம்மா அதை ஓட்டணும்?"

தாய் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "மேல ஏறும்போது நீ ஒரு நாள்கூடக் கொக்கி மாட்ட மறந்ததில்லையா?"

காத்தாடி மறந்ததுண்டு. அதை வீட்டில் எவரிடமும் சொன்னதில்லை.

"மறந்தா நான் ஒருத்திதானே விழுவேன்" என்றாள் கடைசியில்.

"எனக்கு இருக்கறதே அந்த ஒருத்திதானேடி."

காத்தாடி குரலைத் தணித்துக்கொண்டாள். "ரத்தத்துல ஏதோ பரிசோதனை பண்ணிக் கண்டுபிடிப்பாங்கன்னு சொல்வாங்களே. அதையாவது பண்ணிக்கோம்மா."

"நிலையத்து டாக்டர்கிட்டதான் போகணும். போனா ஏன்னு கேப்பார்."

"கேக்கட்டுமே!"

"முதல்ல கூட்டம் முடியட்டும்." துண்டின் ஓரத்தைத் தாயின் விரல்கள் முறுக்கின. "நீ... அங்க இதைச் சொல்லப் போறியா?"

தன் தாயை அஞ்சாதவள் என்றே காத்தாடி அறிந்திருந்தாள். அந்தக் கண்களில் அச்சத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள். அதைவிடக் கொடுமை, அந்த அச்சம் கதிர்வீச்சைக் குறித்ததன்று, மகளைக் குறித்தது.

வெளியே ஹாரன் ஒலித்தது. தாய் அவளை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

*

காற்றாலைத் தூணின் உட்புறம் ஒரு நிமிர்ந்த சுரங்கம். கிரீஸ் வாடையும் இரும்பின் குளிர்ச்சியும் நிறைந்த அவ்விருளில், ஏணியின் ஒவ்வொரு படியிலும் காத்தாடி கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஐயம் வந்து மீண்டும் பார்த்தாள்.

"என்ன, இன்னிக்குக் கொக்கிக்கும் உனக்கும் ஏதாவது சண்டையா?" என்று கீழிருந்து குரல் கொடுத்தான் அவளுடைய கூட்டாளி. அவனுக்கு ‘மீசை’ என்று பெயர். எவ்வளவு முயன்றும் அது முளைக்காததால் வந்த பெயர்.

உச்சியிலுள்ள இயந்திர அறைக்குள் புகுந்து, மேல் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். காற்று அடியோடு ஓய்ந்திருந்தது. வரிசையாக நின்ற காற்றாலைகளில் ஓர் இறக்கையும் அசையவில்லை. தொலைவில், அணுமின் நிலையத்தின் கும்மட்டம் கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போல் வெயிலில் பளபளத்தது. அதிலிருந்து புகை இல்லை, ஓசை இல்லை. மணமோ நிறமோ சூடோ இல்லாத ஒன்று அங்கே தாயின் தோலைக் கடந்து, எலும்பைக் கடந்து, நாள்தோறும் போய்வந்திருக்கிறது. போன வழியில் எதை உடைத்தது என்று கேட்டால், அது சொல்லாது.

"சாயங்காலம் நம்ம பக்கம் ஒரே ஒரு அடி சரியா விழுந்தாப் போதும்" என்றான் மீசை, திருகாணியை முடுக்கியவாறே. "எதிரி வீட்டுலயே குடியிருக்கே. உனக்கு ஒண்ணுமே கிடைக்கலையா? உங்க அம்மா தூக்கத்துலகூட எதையும் உளறலையா?"

"தூக்கத்துலயும் என்னைத்தான் திட்டுது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் தன் நாவைப் பற்களுக்கிடையே இறுக்கிக்கொண்டாள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கூட்டம் முடிந்தது, உலை முடிந்தது. தாயும் முடிந்தாள்.

அவன் கருவிப் பையை எடுக்கக் கீழ்த்தளத்திற்கு இறங்கிய வேளையில், நகர மருத்துவமனையின் ஆய்வகத்திற்குத் தொலைபேசியில் அழைத்தாள். நிதானமாகப் பேசிய ஒரு பெண் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கண்டுபிடிக்க முடியும்மா. ரத்த அணுவுக்குள்ள உடைஞ்ச தடயம் தெரியும். ஆனா தள்ளிப் போடாதீங்க. நாள் ஆக ஆகத் தடயம் மங்கிடும். அப்புறம் எவ்வளவு வாங்கினாங்கன்னு உறுதியாச் சொல்ல முடியாது." பின்னர் கேட்டார்: "யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்று கூறித் தொடர்பைத் துண்டித்தாள். கவனம் சிதறிய நிலையில் இறங்கலாகாது என்பது அவர்களது தொழிலின் முதல் விதி. ஆதலால் மீசை மீண்டும் மேலே வரும் வரை, மூடியின் கீழ் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

*

பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் மின்விசிறிகள் சுழன்றும் புழுக்கம் தணியவில்லை. இடப்புறம் நிலையத்தின் நீலச் சட்டைகள். வலப்புறம் காற்றாலைக்காரர்களின் பளீரென்ற மஞ்சள் மேலங்கிகள். நடுவே ஊர் மக்கள், எப்பக்கம் சாய்வதென்று அறியாத கழுத்துகளுடன். மேடையோரத்தில் பாதுகாப்பு அதிகாரி நின்றார். மெலிந்தவர், தாழ்ந்த குரலில் பேசுபவர், எவரையும் ஏமாற்றும் மனிதர் அல்லர்.

காத்தாடி முதலில் அழைக்கப்பட்டாள். பேட்டரிகளின் விலை ஆண்டுதோறும் இறங்கி வருவதைச் சொன்னாள். உலையின் கழிவைக் கொள்ளுப் பேரப் பிள்ளைகளின் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் காவல் காக்க வேண்டுமே என்றாள். காற்றே இல்லாத வாரங்களில் என்ன செய்வதென்று ஒருவர் வினவ, அதற்கு முழுமையான விடை இன்னும் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள்.

அப்போது நீலச் சட்டைகளின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். "பயமுறுத்தறது சுலபம்மா. உங்க அம்மா எத்தனையோ வருஷமா அங்கதான் வேலை பாக்கறாங்க. அவங்களுக்கு ஏதாவது ஆச்சா? அதைச் சொல்லுங்க, கேப்போம்."

மீசை முன்வரிசையில் கையைப் பிசைந்தான். கூடம் முழுவதும் அவளுடைய வாயைப் பார்த்தது. மூன்றாம் வரிசையில் தாய் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவங்க உடம்பு" என்றாள் காத்தாடி. "அதுக்குப் பதில் நான் சொல்லக் கூடாது."

"பதில் இல்லன்னு சொல்லுங்க!" என்று எவரோ கத்த, நீலப் பக்கம் கொல்லென்று சிரித்தது. மஞ்சள் பக்கத்தில் சிலர் தலையில் கை வைத்தனர். அவள் இறங்கி வந்து அமர்ந்தாள். ‘நாளைக்காவது டாக்டரிடம் போய்விடு அம்மா, போய்விடு’ என்று உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். "அந்தப் பதிலை நான் சொல்றேன். இந்த ஷட்டவுன்ல உலைக்கு ரொம்பக் கிட்ட வேலை பாத்தவங்க நம்ம ஃபிட்டரம்மா. அவங்க பேட்ஜ் காட்டின அளவு, ஜீரோ."

கைதட்டல் கூரையை முட்டியது. மாமா விசிலடித்தார். அதன் நடுவே தாய் மேடையேறினாள்.

அவள் நன்றாகவே பேசினாள். காற்று ஓய்ந்த இரவுகளைப் பற்றியும், மூச்சுக் கருவியில் கிடக்கும் நோயாளிகளைப் பற்றியும், நிலக்கரிப் புகையால் இருமும் பிள்ளைகளைப் பற்றியும் பேசினாள். அந்த வார்த்தைகளில் பொய் இல்லை. காத்தாடிக்கே அவற்றில் பாதி சரியென்று தோன்றிற்று.

முடிக்கும் தறுவாயில், நடுவரிசையிலிருந்து தையற்கடைக்காரப் பெண்மணி ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"அக்கா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. என் பொண்ணை உங்க நிலையத்துல ஃபிட்டர் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான்தான் பயந்துக்கிட்டு அனுப்பாம இருந்தேன். இப்ப உங்க ஜீரோவைக் கேட்டதும் தைரியம் வந்துடுச்சு. உங்க வார்த்தையை நம்பி நாளைக்கே அனுப்பிடறேன். அனுப்பலாம்தானே?"

தாயின் பார்வை அவருக்கு அருகே சென்றது.

தையற்கடைப் பெண்மணியின் பக்கத்தில் அந்தப் பெண் அமர்ந்திருந்தாள். சடையின் நுனியைக் கடித்தபடி, தன் வருங்காலத்தை வேறு எவரோ முடிவு செய்வதை வெட்கத்துடன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அனுப்பாதீங்க" என்றாள் தாய். கூடம் சலசலத்தது. "அதாவது, இப்பவே அனுப்பாதீங்க. உலை வேணாம்னு நான் சொல்லல. இப்பவும் வேணும்னுதான் சொல்றேன். ஆனா அந்த ஜீரோ என்னோடது இல்ல. என் பேட்ஜ் உள்ளயே வரல. அது என் பொண்ணுகிட்ட இருந்துச்சு, அவளுக்கே தெரியாம. நான் வெத்து பேட்ஜைக் குத்திக்கிட்டு வேலை பாத்தேன். என் உடம்புல எவ்வளவு ஏறியிருக்குன்னு எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

மின்விசிறிகளின் ஓசை மட்டுமே கேட்டது.

காத்தாடி எழுந்து மேடையை நோக்கி ஓடினாள். யார் வென்றார், யார் தோற்றார் என்பது அவள் நினைவில் இல்லை. தாயின் கையைப் பற்றினாள்.

அதிகாரியின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் ஒலிவாங்கியை விட்டு விலகி, தாயை நெருங்கிக் கேட்டார். அந்த அமைதியில் அது கடைசி வரிசை வரை கேட்டது.

"பயிற்சி பேட்ஜெல்லாம் பூட்டின அலமாரியில இருக்கும். உங்களுக்கு யாரும்மா குடுத்தா?"

தாய் நீலச் சட்டைகளின் பக்கம் திரும்பாமல் நின்றாள். மகளின் விரல்களை அவள் இறுக்கிய இறுக்கில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"சொல்லுங்கம்மா. இது தண்டனைக்காகக் கேக்கல. உங்களுக்கு முன்னாடி அதை யார் போட்டிருந்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நீலச் சட்டைகளின் நடுவே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மாமா எழுந்து நின்றார். எந்த வீட்டிலும் எவரையும் சிரிக்காமல் விடாத அம்மனிதரின் முகத்தில் வேடிக்கையின் சாயல் சிறிதும் இல்லை.

"நான்தான் சார் குடுத்தேன்" என்றார். "அளவு ஏறிட்டா வேலை குடுக்காம கேட்டுல உட்கார வெச்சிடறீங்க. அதனால நிஜ பேட்ஜை லாக்கர்ல வெச்சுட்டு உள்ள போவோம். நான் மூணு ஷட்டவுனா அப்படித்தான் போறேன்."

அப்போது அவருக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி நகர்ந்தது. தலைநரைத்த ஒருவர் எழுந்தார். அவருக்கு இரண்டு இடம் தள்ளி மற்றொருவர். பிறகு, சுவரோரம் நின்றிருந்த குழுத் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னே வந்தார்.

கூடத்தின் இடப்பக்கம் முழுவதும் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகரும் ஓசை எழுந்தது. எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கக் காத்தாடிக்குத் துணிவு வரவில்லை. அதிகாரி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் அவருடைய உதடுகள் அசைவதை நிறுத்தின.